மாரிசெல்லின் இடுப்புப் பை

மலையேறத் தொடங்கிய மூன்றாவது வளைவிலேயே மாரிசெல்லின் போனில் டவர் போய்விட்டது. போனைக் கார் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வெளியே ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் மரங்களின் உச்சி. நடுவே ஒரு கார் போகத்தான் இடம் இருந்தது, ஆனால் எதிரே பேருந்தும் வந்துகொண்டிருந்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கோமுகி அணையைத் தாண்டியதும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவில் பிறந்து, மஸ்கட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்து, இந்த நாட்டு மண்ணை அன்று விடியற்காலையில்தான் முதன்முதலாக மிதித்தவளுக்கு அப்படி இருக்குமா? அதுவும் வயிற்றில் ஆறு மாதத்துப் பிள்ளையோடு, கட்டியவன் பக்கத்தில் இல்லாமல்?

அவளுடைய வலது கை தானாக இடுப்புக்குப் போனது. தொளதொள சட்டைக்குள், வயிற்றுக்குக் கீழே, ஒரு துணிப் பை. அதற்குள் அவளுடைய பாஸ்போர்ட். இருந்தது. விமானத்திலிருந்து இறங்கியதிலிருந்து நாற்பது தடவையாவது அதைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

அந்தப் பை அவளே தைத்தது. இருபத்திரண்டு வயதில் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, முதல் நாளே அந்த வீட்டு எஜமானி சிரித்த முகத்தோடு பாஸ்போர்ட்டை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இரண்டு வருஷமும் நாலு மாதமும் அது வெளியே வரவில்லை. அப்பா செத்த சேதி வந்த அன்றைக்கும் வரவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதபடி, அப்பாவை அடக்கம் செய்வதைப் போனில் பார்த்தாள். புகார் எழுதிக் கொடுத்து, அலைந்து, ஒருவழியாக அதைத் திரும்ப வாங்கிய அன்று இரவே ஒரு பழைய ஜீன்ஸைக் கத்தரித்து இந்தப் பையைத் தைத்தாள். அதன் பிறகு தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை. ஆல்பினைக் கட்டிய பிறகும் அவிழ்க்கவில்லை. அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேலி செய்ததில்லை. அவனைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆல்பின் அங்கே ஏசி மெக்கானிக். இருவரும் சேர்ந்தே கிளம்பியிருக்க வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கம்பெனியில் ஆள் குறைவு, லீவு ஒரு மாதம் தள்ளிப்போகிறது என்றான். நாள் போகப் போக உன்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், நீ முன்னால் போ, என் அம்மா பார்த்துக்கொள்வாள், பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே கட்டிக்கொண்டிருந்தான். தமிழில் மூன்று வார்த்தைகள் சொல்லிக் கொடுத்து அனுப்பினான்: அம்மா, வேணாம், போதும். இந்த மூன்றை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஆயுசுக்கும் ஓட்டிவிடலாம் என்றான்.

சென்னை விமான நிலையத்தில் அவளை அழைக்க வந்தவர் மாமனார் ஆசீர்வாதம். கல்யாணப் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தோடும் ஒத்துப் பார்த்தபடி நின்றிருந்தார். மாரிசெல் தன் ஊர் வழக்கப்படி பெரியவரின் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றக் குனிந்தாள். அவரோ பதறிப்போய்க் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மருமகள் எங்கே காலில் விழுந்துவிடப் போகிறாளோ என்று அவருக்குப் பயம். என்னைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளுக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் டிரைவர் பழனி பெட்டிகளைத் தூக்கிக் காரில் வைத்தான்.

வழியெல்லாம் அவள் பார்த்தது எதுவும் அவளைத் தேற்றவில்லை. லாரிகள் பின்னால் வந்து முட்டுகிற மாதிரி ஹாரன் அடித்தன. கடைப் பலகைகளில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, எல்லாம் சுருட்டிப் போட்ட கயிறு மாதிரி இருந்தது. உளுந்தூர்பேட்டையில் சாப்பிட நிறுத்தினார்கள். பக்கத்து மேசையிலிருந்த குடும்பம் இட்லியை மறந்து அவளையே பார்த்தது. அவள் கழிப்பறைக்குப் போனபோது ஆசீர்வாதமும் கூடவே வந்து, கதவுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வேறு யாரும் வந்துவிடக் கூடாதே என்று நின்ற மனுஷன் அவர். உள்ளே இருந்தவளுக்கு அது காவலாகத்தான் பட்டது. இவர் ஏன் என்னை ஒரு நிமிஷமும் விட மாட்டேன் என்கிறார்?

கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் கார் நின்றது. காக்கி உடுப்புக்காரர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஆசீர்வாதம் ஏதேதோ சொன்னார். பேச்சில் பாஸ்போர்ட் என்ற சொல் மட்டும் அவளுக்குக் கேட்டது. பையைத் திறந்து எடுத்தாள், ஆனால் கையை விட்டு விடவில்லை. இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தபடியே காட்டினாள். காக்கிக்காரர் சிரித்துக்கொண்டே எண்ணை எழுதிக்கொண்டார். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை மாரிசெல்லுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மூன்றாவது வளைவும் டவர் போனதும்.

கரியாலூரை நெருங்கும்போது மணி மூன்று இருக்கும். அதற்குள் மலைமேல் மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. தார்ச் சாலையை விட்டு இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளின் நடுவே ஓட்டு வீடு ஒன்றின் முன் கார் நின்றது. வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஆல்பினின் அம்மா ஆனந்தமேரி, அந்த ஊர் அங்கன்வாடியில் இருபத்தாறு வருஷமாக டீச்சர். கீழ்நாட்டிலிருந்து வேலைக்காக மலையேறி வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள். இன்னொருத்தி பக்கத்துக் கொல்லைக்காரி சாலம்மாள், இந்த மலையிலேயே பிறந்து சாமையும் தினையும் விதைத்து வாழ்கிறவள். சாலம்மாளின் கையில் ஒரு தட்டு இருந்தது, தட்டு நிறைய ரத்தச் சிவப்பில் தண்ணீர்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் தண்ணீர் சிவக்கும் என்று மாரிசெல்லுக்கு யார் சொன்னார்கள்? அவள் காரை விட்டு இறங்கி நின்ற இடத்திலேயே சாலம்மாள் தட்டை மூன்று சுற்று சுற்றி, விரலைத் தோய்த்து அவள் நெற்றியில் வைத்து, மிச்சத்தை எதிரே தரையில் விசிறி ஊற்றினாள். செம்மண்ணில் ஊறிய அந்தச் சிவப்பைப் பார்த்ததும் மாரிசெல் பின்வாங்கிக் காரோடு ஒட்டிக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளை ஒரு உதை விட்டது.

வீட்டுக்குள் நுழைந்தால் நடுக்கூடத்தில் ஒரு எடை பார்க்கும் மெஷின். ஆனந்தமேரி அவளைத் தோளைப் பிடித்து நேரே அதன்மேல் ஏற்றினாள். மாசமாக இருக்கிற பெண் யார் வந்தாலும் முதலில் எடை பார்ப்பது அவளுக்குக் கை பழகிய வேலை. மருமகள் வருகிறாள் என்று அங்கன்வாடியிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஒரு நோட்டில் குறித்தாள். பிறகு நாடாவை எடுத்து முழங்கைக்கு மேலே சுற்றளவு பார்த்தாள். மாரிசெல் மரமாக நின்றாள். மணிலாவில் ஏஜெண்ட் ஆபீஸிலும் இப்படித்தான் ஏற்றி இறக்கி, பல்லைப் பார்த்து, நோட்டில் எழுதி, அப்புறம் வேற்று நாட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நின்ற மாதிரியே இன்றைக்கும் நின்றாள். எதைக் கொடுத்தாலும் வேணாம் என்றாள். காபி வேணாம். வடை வேணாம். அவளுக்குத் தெரிந்த மூன்று வார்த்தையில் அது ஒன்றுதான் அப்போது வாயில் வந்தது.

"மரியசெல்விக்குக் களைப்பு ஜாஸ்தி. வெந்நி போட்டு வெச்சிருக்கறேன், குளிச்சிட்டு வரட்டும்" என்றாள் ஆனந்தமேரி. மாரிசெல் என்ற பெயர் அவள் வாயில் நுழைந்து வெளியே வரும்போது அப்படித்தான் வந்தது.

குளியலறை வீட்டின் பின்கட்டிலேயே இருந்தது. ஒரே ஆவி, சுவரெல்லாம் ஈரம். இடுப்புப் பையை மாட்ட ஒரு ஆணிகூட இல்லை. வாசலில் நின்று தயங்கினாள். ஆனந்தமேரி பையைப் பார்த்து, நனைந்துவிடும் என்று ஜாடை காட்டி, அறையிலிருந்த கட்டிலைக் காட்டினாள். மாரிசெல் திரும்பிப் போய்த் தலையணைக்கு அடியில் பையைச் செருகிவிட்டு வந்தாள். பத்து நிமிஷம், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டே நிமிஷத்தில் தலைகூடத் துவட்டாமல் ஓடி வந்தாள்.

பை இருந்தது. தட்டையாக இருந்தது.

ஜிப்பைத் திறந்தாள். உள்ளே காசு இருந்தது, மாதா படம் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. தலையணையைத் தூக்கி உதறினாள். போர்வையை உதறினாள். மண்டி போடமுடியாத வயிற்றோடு குனிந்து கட்டிலுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினாள். மஸ்கட்டில் அந்த அலமாரிச் சாவி திரும்பிய சத்தம் இந்த மலை வீட்டில் மறுபடி காதில் கேட்டது.

வெறும் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமியாரும் இல்லை, மாமனாரும் இல்லை, காரும் போய்விட்டது. வாசல் கதவு சாத்தியிருந்தது. இழுத்தாள், வரவில்லை. வெளியே கொண்டி போட்டிருந்தது. குரங்குத் தொல்லைக்கு அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பகலிலேயே கொண்டி போடுவார்கள், ஆனால் அதை அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். கொண்டி விலகியது. படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாலம்மாள் எழுந்து நின்றாள்.

"பாஸ்போர்ட்?" என்றாள் மாரிசெல்.

சாலம்மாள் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினாள். நம் ஊரில் அதற்கு, தெரியும், பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே என்று அர்த்தம். அவளுடைய ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை என்றுதான் அர்த்தம். இல்லையாம். அவ்வளவுதானா?

எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. கழிப்பறை வாசலில் நின்ற காவல். சோதனைச் சாவடியில் மாமனார் பார்த்த பார்வை. எடை. வெளியே போட்ட கொண்டி. டவர் இல்லாத மலை. முகத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டிய ஆல்பின். அவனுக்கும் இது தெரியுமோ? தெரிந்துதான் அனுப்பினானோ? அந்த நினைப்பு வந்தபோது அவளுக்கு வந்த பயம் அதுவரை வந்த பயங்களில் சேராது. பிள்ளை இங்கே பிறக்கும். பிறந்த பிறகும் இவர்கள் விட மாட்டார்கள். தீவில் இருக்கிற அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அதையும் போனில்தான் பார்க்க வேண்டும்.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கிச் சாலையை நோக்கி நடந்தாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். எங்கேயாவது ஒரு கோடு வந்தால் போதும்.

"எங்க போற தாயி? மாசமா இருக்கற பொண்ணு, வழுக்கிக் கெடக்குது. நில்லு" என்று சாலம்மாள் கீரையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். மாரிசெல் உதறினாள். மறுபடி பிடித்தாள். இவள் இன்னும் வேகமாக உதறினாள். சாலம்மாள் பிடிப்பதை விட்டுவிட்டு, விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் விரித்தபடி ஓரடி பின்னாலேயே வந்தாள். திரும்பிப் பார்த்த மாரிசெல்லுக்கு அது துரத்துவதாகத் தெரிந்தது.

மூட்டத்தில் பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்கியது. அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஏறினாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனித அந்தோணியாரிடம் சின்ன வயதில் வேண்டிக்கொள்வாளே, அந்த ஜெபம் அவள் மொழியில் தானாக வாயில் வந்தது. ரப்பர் தொலைந்ததற்கும் கோழிக்குஞ்சு தொலைந்ததற்கும் சொன்ன ஜெபம். சான் அந்தோணியோ, எங்கே இருக்கிறது, காட்டிக் கொடு.

வளைவு திரும்பியதும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சாலையோரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கெபி. சிமெண்டுக் குகை, கண்ணாடிக் கதவு. அதற்குள் பழுப்பு அங்கியில், கையில் குழந்தை இயேசுவோடு சாட்சாத் அந்தோணியார் நின்றார். முன்னால் சரளைக் கல்லின்மேல் முழந்தாளிட்டு, சிலுவை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆனந்தமேரி. பக்கத்தில் ஆசீர்வாதம், மெழுகுவர்த்தி அணையாமல் குடை பிடித்துக்கொண்டு. அந்தோணியாரின் காலடியில் அவளுடைய பாஸ்போர்ட்.

இதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் எந்தக் காகிதமும் அந்தோணியார் காலடியில் ஒரு ராத்திரி இருக்காமல் புழக்கத்துக்கு வராது. ஆல்பினின் பரீட்சை ஹால் டிக்கெட், ஆசீர்வாதத்தின் கொல்லைக் குத்தகைப் பத்திரம், ரேஷன் கார்டு, வண்டி ஆர்.சி. எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் இங்கே வந்து, விடிந்த பிறகு வீட்டுக்குப் போனவை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். அந்தோணியாரிடம் கொண்டுபோவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

மாரிசெல் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பாஸ்போர்ட்டைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை வெடித்தது. தன் மொழியில் கத்தினாள். என்னைத் திருட வந்தவர்களா நீங்கள் என்றுதான் கத்தினாள். யாருக்கும் புரியவில்லை, ஆனால் புரியவேண்டியது புரிந்தது.

ஆனந்தமேரி முழந்தாளிலிருந்து எழ முடியாமல் கையை ஊன்றினாள். "நம்ம வூட்டுக் காயிதந்தானேன்னு எடுத்தாந்தேன்மா" என்றாள். "உன்னுது கையில இருக்குது. அவன்து இல்லியே. அதான் ரெண்டையும் சேத்து வெச்சேன்."

அவள் காட்டிய இடத்தில், பாஸ்போர்ட்டை எடுத்த இடத்தில், இன்னொரு காகிதம் கிடந்தது. மெழுகு சொட்டிய ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ். அதிலிருந்து ஆல்பின் பார்த்துக்கொண்டிருந்தான். மீசை சரியாக முளைக்காத, முதன்முதலாக வெளிநாடு போன வயசு ஆல்பின்.

மாரிசெல் அதை எடுத்தாள். ஆசீர்வாதத்தைப் பார்த்தாள். அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்தார்.

"ஆல்பின் பாஸ்போர்ட்... கம்பெனி... லாக்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு மணிக்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். குடை கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

மாரிசெல் கெபியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயம் போகவில்லை. அது ஆள் மாறியிருந்தது. காலையிலிருந்து தனக்காகப் பயந்தவள் இப்போது அவனுக்காகப் பயந்தாள், இந்தப் பயம் இன்னும் கனமாக இருந்தது. அந்த நேரத்தில் மடியில் போன் அதிர்ந்தது. கரியாலூர்ப் பக்கத்தில் அந்தக் கெபி வாசலில் ஒரு கோடு டவர் கிடைக்கும். சாலம்மாள் வீட்டு ஆட்கள்கூட வெளியூரில் இருக்கிற மகளிடம் பேச வேண்டுமென்றால் அந்தோணியாரிடம்தான் வருவார்கள். மத்தியானத்திலிருந்து ஆல்பின் அனுப்பிய பதினேழு சேதிகள் வரிசையாக வந்து விழுந்தன. போய்ச் சேர்ந்தாயா, போய்ச் சேர்ந்தாயா.

அவனைக் கூப்பிட்டாள். முதலில் திட்டினாள். பிறகு கேட்டாள். கம்பெனி கைமாறிவிட்டது, புது முதலாளி எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறான், மூன்று வாரம் ஆகிறது என்று ஆல்பின் சொன்னான். அம்மாவிடம் மட்டும் சொன்னானாம். உன்னிடம் எப்படிச் சொல்வது, உனக்கு அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா என்றான். உன் பையைப் பற்றி அம்மாவிடமும் சொல்லவில்லை, அது உன் கதை, நான் எப்படிச் சொல்வது என்றான். இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாக மறைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்த அவன் அந்தப் பக்கம் அழத் தொடங்கினான்.

"அழாதே" என்றாள் மாரிசெல் ஆங்கிலத்தில். "அழுதால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். நான் இரண்டு வருஷம் அழுது பார்த்துவிட்டேன்."

பிறகு அவள் பேசிய பேச்சில் நடுக்கம் இல்லை. நாளைக்குக் காலையில் உன் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் தூதரகத்துக்குப் போ. வாயால் சொல்லாதே, எழுத்தில் கொடு. ஆளுக்கு ஒரு மனு, ஒவ்வொன்றிலும் பாஸ்போர்ட் எண். எண் இல்லாததால்தான் எனக்கு ஆறு மாதம் வீணாகப் போனது. உன்னிடம் நகல் இருக்கிறதா? இல்லை என்றான், போன் மாற்றியபோது போய்விட்டதாம். அவள் மெழுகுத் துளியை நகத்தால் சுரண்டிவிட்டு ஜெராக்ஸை முட்டியின்மேல் விரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு கோட்டு டவரில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாலம்மாள் ஓரமாகப் பின்னால் வந்து, தன் முந்தானையை எடுத்து அவளுடைய ஈரத் தலையில் போட்டு மூடினாள். இந்தத் தடவை மாரிசெல் உதறவில்லை. நாலு நிமிஷம் கழித்துப் படம் போய்ச் சேர்ந்தது.

ஆனந்தமேரி எழுந்து பக்கத்தில் வந்தாள். மடியில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து, அதன் அட்டையில் சொட்டியிருந்த மெழுகைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துவிட்டு இரண்டு கையாலும் மருமகளிடம் நீட்டினாள்.

மாரிசெல் அதைப் பார்த்தாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கெபியின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள், அதில் பூட்டு இல்லை.

"வேணாம்மா" என்றாள்.

பாஸ்போர்ட்டை வாங்கி அந்தோணியார் காலடியில் தானே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஆல்பினின் ஜெராக்ஸை நான்காக மடித்து இடுப்புப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மூட்டத்தில் நாலு பேரும் மெதுவாக இறங்கி நடந்தார்கள். வீடு வருவதற்குள் மூன்று தடவை அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.